எரிந்த மன்மதன் எங்கே பிறந்தான்?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



எம்பெருமானுடைய திருவிழா மலரிலே மன்மதனைப் பற்றி எழுதுவதா என்று சிலர் ஐயுறக்கூடும். ஆனால் ஸந்நிதிக்கு வந்து கைகூப்பி நிற்பவர்களின் வேண்டுதல்களைச் செவிமடுத்து வருகிற அடியேனுக்கு இந்த ஐயம் எழவில்லை. மழை வேண்டுவோர் உண்டு. பிணி தீர வேண்டுவோர் உண்டு. எனினும் ஜாதகக் கட்டைப் பெருமாள் திருவடியில் வைத்து, "இந்த ஆண்டிலாவது கல்யாணம் கூடிவர வேண்டும்" என்று கண் கலங்கும் பெற்றோரே மிகுதி. கல்யாணம் என்ற சொல்லுக்குப் பின்னே காமம் என்கிற புருஷார்த்தம் நிற்கிறது. அதற்குச் சாஸ்த்ரம் ஒரு தேவதையை வைத்திருக்கிறது. அத்தேவதையின் கதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அறிந்தால், நம் இல்லங்களில் எழும் பல கலக்கங்களுக்குத் தெளிவு பிறக்கும்.

எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

தஞ்சைப் பகுதியின் கிராமங்களில் காமன் பண்டிகையின்போது லாவணி பாடும் வழக்கம் உண்டு. 1676ஆம் ஆண்டு முதல் தஞ்சையை ஆண்ட மராட்டியரின் காலத்தில் அங்கே வேரூன்றிய கலை அது. பாடுவோர் இரு கட்சியாகப் பிரிந்து உட்காருவர். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தே போனான் என்பது ஒரு கட்சி; அவன் எரியவில்லை என்பது மற்றொரு கட்சி. டேப்பு முழங்க, கேள்வியும் பதிலுமாக இரவெல்லாம் வாதம் நடக்கும். விடிந்தாலும் தீர்ப்பு வராது.

இது வெறும் வேடிக்கையன்று. ஆசையை அடியோடு அழித்துவிட முடியுமா, முடியாதா என்று மனித குலம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி. நம் ஆசார்யர்களும் கவிகளும் இதற்கு என்ன விடை கண்டார்கள் என்பதையே இங்கே சிந்திக்கப் புகுகிறோம்.

மலர் ஏந்திய வீரன்

முதலில் அவன் திருவுருவத்தைக் காண்போம். அவன் வில் கரும்பு, நாண் வண்டுகளின் வரிசை, கொடி மகரம், ஊர்தி கிளி, தேர் தென்றல், தோழன் வஸந்தன், தேவி ரதி. அவனுடைய பாணங்கள் தாமரை, அசோகம், மா, முல்லை, நீலோத்பலம் ஆகிய ஐந்து மலர்கள். இந்திரனுக்கு வஜ்ராயுதம் உண்டு. யமனுக்குப் பாசம் உண்டு. இவனிடமோ கையில் பட்டால் வாடிப்போகும் பொருள்களே உள்ளன. அவற்றால் அவன் மூவுலகையும் வென்றான் என்றால், நம்மை வீழ்த்துவது எப்போதும் இனிமையான பொருளே என்பது அதன் தாத்பர்யம்.

தமிழ்நாட்டுக்கு இவன் புதியவனல்லன். செந்நிறத்து முருகனைச் செவ்வேள் என்றும், கருநிறத்துக் காமனைக் கருவேள் என்றும் நம் முன்னோர் அழைத்தனர். திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் ரதியும் காமனும் ஓவியமாகத் தீட்டப்பட்டிருந்ததையும், அதனைக் கண்டோர் ஒருவருக்கொருவர் காட்டிப் பேசிக்கொண்டதையும் பரிபாடல் கூறுகிறது. பூம்புகாரில் அவனுக்குக் கோட்டமே இருந்ததைச் சிலப்பதிகாரத்தால் அறிகிறோம். இன்றும் திண்டுக்கல்லுக்கு அருகில் தாடிக்கொம்பு ஸௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தில் ரதியும் மன்மதனும் சிற்பமாக நிற்கிறார்கள். மணமாகாத இளைஞரும் கன்னியரும் வியாழக்கிழமைகளில் அங்கே வந்து வழிபடுகிறார்கள். பெருமாள் கோயிலுக்குள்ளே இவனுக்கு இடம் கிடைத்தது எவ்வாறு? அதற்கு விடை அவன் எரிந்த கதையிலே தொடங்குகிறது.

பிறர் காரியத்துக்காக எரிந்தவன்

மஹாகவி காளிதாஸன் தன் குமாரஸம்பவத்தில், மூன்றாம் ஸர்க்கத்தில் காம தஹனத்தையும் நான்காம் ஸர்க்கத்தில் ரதியின் புலம்பலையும் பாடினான். தாரகாஸுரனால் தேவர்கள் நலிகிறார்கள். சிவபெருமானுக்குப் பிறக்கும் குமாரன் ஒருவனே அவனை வெல்ல வல்லவன். பெருமானோ தவத்தில் ஆழ்ந்திருக்கிறான். இந்திரன் மன்மதனை அழைத்துத் தன்னருகே ஆஸனம் அளிக்கிறான். அந்த மரியாதையிலே மயங்கிய மன்மதன், பிநாகம் ஏந்திய சிவனுடைய உறுதியையும் குலைத்துவிடுவேன் என்று தானே முந்திச் சொல்லிவிடுகிறான்! பிறர் புகழ்ச்சிக்கு மயங்கித் தன் எல்லையை மறந்த இளைஞன் ஒருவனைக் கவி நம் கண்முன்னே நிறுத்துகிறான்.

பின்னே நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. வேண்டாம் என்று தேவர்கள் வானிலே கூவிய குரல் வந்து சேருமுன், நெற்றிக்கண்ணின் நெருப்பு அவனைச் சாம்பலாக்கியது. மயிலாடுதுறைப் பக்கத்துத் திருக்குறுக்கை அந்நிகழ்ச்சிக்குரிய தலமென்று கொண்டாடப்படுகிறது. மூர்ச்சை தெளிந்த ரதி, கணவன் இருந்த இடத்தில் மனித உருவாகக் கிடந்த சாம்பலை மட்டுமே கண்டாள். தானும் தீப்புகத் துணிந்த அவளை ஓர் அசரீரி தடுத்தது: பார்வதியைப் பரமசிவன் மணம் புரியும் காலத்தில் உன் கணவன் மீள்வான், பொறுத்திரு என்றது.

ஆக, எரிந்த கட்சி சொல்வது உண்மை. அன்று முதல் அவனுக்கு அநங்கன், அதாவது உடலற்றவன், என்று பெயர். உடலில்லாமற் போனதால் அவன் தொல்லை குறைந்ததா? இல்லை. உருவம் இருந்தவரையில் அவன் வருவதைக் கண்டு விலகலாம். உருவம் போனபின் எங்கிருந்து வருகிறான் என்றே தெரியாது. அடக்கி எரித்த ஆசை கண்ணுக்குத் தெரியாமல் உலவும் என்பதைப் புராணம் இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

பெருமாள் திருமாளிகையில் பிள்ளையாக

எரிந்தவன் எங்கே போனான்? இதனை ஸ்ரீமத் பாகவதம் பத்தாம் ஸ்கந்தம் 55ஆம் அத்தியாயத்திலே சுகப்ரஹ்மம் உபதேசிக்கிறார். வாஸுதேவனின் அம்சமேயான காமன், ருத்ரனின் கோபத்தால் எரிந்தபின், உடல் வேண்டி வாஸுதேவனையே அடைந்தான். கண்ணபிரானுக்கும் ருக்மிணிப் பிராட்டிக்கும் ப்ரத்யும்நன் என்னும் திருக்குமாரனாகப் பிறந்தான்.

பிறந்து பத்து நாள் ஆகுமுன்னே சம்பரன் என்னும் அஸுரன் குழந்தையைக் களவாடிக் கடலில் எறிந்தான். ஒரு பெரிய மீன் அதை விழுங்கிற்று. வலைஞர் அந்த மீனைப் பிடித்துச் சம்பரனுக்கே காணிக்கையாக்கினர். மடைப்பள்ளியில் அறுத்தபோது உள்ளே குழந்தை! அங்கே பருப்பும் சோறும் சமைக்கும் வேலையில் அமர்ந்திருந்த மாயாவதி என்பவளிடம் அதைக் கொடுத்தார்கள். அவள் வேறு யாருமல்லள். கணவனுக்கு உடல் மீளும் காலத்தை எதிர்நோக்கிக் காத்திருந்த ரதியே! நாரதர் வந்து உண்மையை உணர்த்தினார்.

மேலைநாட்டாரும் இத்தகைய தேவதையை அறிவார்கள். யவனர் ஈரோஸ் என்றும் ரோமானியர் க்யூபிட் என்றும் அழைத்தனர், அவனும் வில்லேந்தியவனே. கிறிஸ்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டில் அபுலேயஸ் என்னும் லத்தீன் ஆசிரியர் எழுதிய கதையில், அவன் மனைவி ஸைக்கீ தன் கணவனை இழந்து, மாமியாராகிய வீனஸ் தேவி இட்ட கடுமையான வேலைகளையெல்லாம் செய்து அவனை மீண்டும் பெறுகிறாள். இங்கே ரதி அஸுரன் வீட்டு அடுப்படியிலே உழைத்துக் காத்திருக்கிறாள். காதலுக்குத் துணையாக நிற்பது பொறுமையும் உழைப்பும் என்பதில் இரு நாட்டுப் பெரியோரும் ஒன்றுபட்டனர் போலும்.

ப்ரத்யும்நன் வளர்ந்து யௌவனம் எய்தினான். மாயாவதியின் பார்வையிலே மாற்றம் தெரிந்தது. உடனே அவன் கேட்கிறான்: "தாயே, தாய்க்குரிய நிலையை விட்டு வேறு விதமாக நடந்துகொள்கிறீரே, ஏன்?" அன்பர்கள் இந்த இடத்தை ஊன்றி நோக்க வேண்டும். முற்பிறவியில் இவன் எதையும் கேளாமல் அம்பெய்தவன். இப்பிறவியில் பெருமாளுக்குப் பிள்ளையாகப் பிறந்தபின், தகுமா தகாதா என்று முதலில் கேட்கிறான். காமனே தர்மத்தைக் கேட்கிறான்! அவள் பழைய வரலாற்றைக் கூறி, நான் உன் மனைவி ரதி என்று தெளிவித்த பின்னரே, அவள் உபதேசித்த மஹாமாயா வித்யையின் துணைகொண்டு சம்பரனை வதைத்து, அவளுடன் ஆகாய மார்க்கமாகத் துவாரகை சேர்ந்தான்.

அந்தப்புரத்து மாதர் அவன் கருநிறத்தையும் பீதாம்பரத்தையும் நீண்ட கைகளையும் கண்டு கண்ணனே வந்தான் என்று நாணி ஒளிந்தனராம். ருக்மிணிப் பிராட்டிக்கோ, காணாமற்போன பிள்ளையின் நினைவு வந்தது, தாய்ப்பால் சுரந்தது. தேவகியும் வஸுதேவரும் உடன் வர, கண்ணன் அங்கே எழுந்தருளினான். எல்லாம் அறிந்தும் வாய் திறவாமல் நின்றான். நாரதரே நிகழ்ந்ததை எடுத்துரைத்தார். கேட்டதும் தேவகி, வஸுதேவர், கண்ணன், பலராமன், ருக்மிணி அனைவரும் அந்தத் தம்பதியரை ஆரத் தழுவி மகிழ்ந்தனர். அஸுரன் வீட்டில் சமையல் வேலை செய்தவள் என்று ரதியை எவரும் வாசலிலே நிறுத்தவில்லை. பிள்ளையோடு சேர்த்து அவளையும் தழுவிக்கொண்டார்கள். இறந்தவன் மீண்டு வந்தாற்போல ஊரே களித்தது.

எரியாத கட்சி சொல்வதும் உண்மை என்பது இப்போது விளங்குகிறதன்றோ? காமன் எரிந்தான், ஆனால் அழியவில்லை. பரமசிவனின் தவத்துக்கு இடையூறாக வந்தபோது சாம்பலானான். பரந்தாமனின் இல்லத்திலே பிள்ளையாக வந்தபோது கொண்டாடப்பட்டான். திருவல்லிக்கேணியில் வேங்கடக்ருஷ்ணன் ஸந்நிதியில் ருக்மிணிப் பிராட்டி, பலராமன், ஸாத்யகி ஆகியோருடன் ப்ரத்யும்நனும் அவன் மகன் அநிருத்தனும் கர்ப்பக்ருஹத்திலேயே எழுந்தருளியிருக்கிறார்கள். பாஞ்சராத்ர ஆகமம் எம்பெருமானுடைய நான்கு வ்யூஹங்களிலே ஒன்றுக்கு ப்ரத்யும்நன் என்றே திருநாமம் இட்டிருக்கிறது. வெளியே அலைந்தவன் உள்ளே வந்துவிட்டான்.

கீதாசார்யன் அருளியதும் இதுவே. மூன்றாம் அத்தியாயத்தில் காமத்தைப் பெருந்தீனி தின்னும் பகைவன் என்றான். ஏழாம் அத்தியாயத்திலோ, தர்மத்துக்கு மாறுபடாத காமம் நானே என்றான். பத்தாம் அத்தியாயத்தில் ப்ரஜைகளை உண்டாக்கும் கந்தர்ப்பனும் நானே என்றான். முரண்பாடு போலத் தோன்றும் இவ்வாக்கியங்களுக்கு ப்ரத்யும்ந சரித்ரமே வ்யாக்யானம்.

கோதையார் நோற்ற நோன்பு

இனி நம் ஸம்ப்ரதாயத்திலே பலர் மனத்தில் எழும் வினாவுக்கு வருவோம். மறந்தும் வேறு தெய்வத்தைத் தொழக்கூடாது என்பது ஸ்ரீவைஷ்ணவ நெறி. அப்படியிருக்க, பெரியாழ்வார் திருமகளாரான ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் முதற் பத்திலேயே காமதேவனையும் அவன் தம்பி சாமனையும் தொழுகிறாளே, இது தகுமா?

அவள் செய்த நோன்பைப் பாருங்கள். தை மாதம் முழுவதும் தரையைத் துலக்கிக் கோலமிடுகிறாள். மாசியில் விடியுமுன் நீராடி, நுண்மணலால் தெருவை அழகு செய்து, முள்ளில்லாத சுள்ளிகளைக் கொண்டு தீ வளர்க்கிறாள். மகரக் கொடியும் கரும்பு வில்லும் சுவரிலே தீட்டுகிறாள். ஊமத்த மலரும் முருக்க மலரும் இடுகிறாள். நெல், கரும்பு, வெல்லம், அவல் படைக்கிறாள். ஒருபொழுது உண்டு உடல் மெலிகிறாள். இத்தனையும் எதற்காக? வேங்கடவனுக்கே தன்னை விதிக்க வேண்டும் என்ற ஒன்றுக்காக. மானிடர் ஒருவருக்கு என்று பேச்சு எழுந்தாலும் உயிர் தரியேன் என்கிறாள். யாகத்தில் தேவர்க்கென்று வைத்த அவிஸைக் காட்டு நரி வந்து மோப்பதற்கு அதனை ஒப்பிடுகிறாள். முடிவில், என் வேண்டுதலை நிறைவேற்றாவிடில், உழுகிற எருதுக்குத் தீனியும் போடாமல் நுகத்தாலே தாக்கி விரட்டியவனுக்கு ஒப்பாவாய் என்று அந்தக் காமதேவனையே எச்சரிக்கிறாள்! ஏர் பிடித்த குடியானவர்களுக்கு இந்த உவமையின் வலி தானே புரியும்.

வ்யாக்யான சக்ரவர்த்தியான பெரியவாச்சான் பிள்ளை இதற்கு ஸமாதானம் அருளினார். ஸ்ரீராமனுக்கு நலம் வேண்டி அயோத்தி நகரத்துப் பெண்கள் காலையும் மாலையும் எல்லாத் தெய்வங்களையும் தொழுதார்களே, அதுபோலக் கொள்க என்றார். அறியாமையால் வந்த வணக்கம் அன்று. அன்பு முதிர்ந்து கலங்கியதால் வந்த வணக்கம். பலன் வேறு எவரிடமும் இல்லை, எம்பெருமானே பலன். காமன் அங்கே வாயிற்காவலன் மாத்திரம். அவன்தானும் யாருடைய பிள்ளை? அவள் மணக்க விரும்பும் மாதவனுடைய பிள்ளையன்றோ!

இதனோடு கண்ணகியின் செயலையும் ஒப்பிட்டு நோக்குதல் நன்று. கோவலன் பிரிந்திருந்த காலத்தில் தேவந்தி என்னும் தோழி, ஸோமகுண்டம் ஸூர்யகுண்டம் என்னும் இரு பொய்கைகளில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனோடு கூடி வாழலாம் என்றாள். அது நமக்குப் பெருமையன்று என்று கண்ணகி மறுத்துவிட்டாள். ஒருத்தி தொழுதாள்; ஒருத்தி மறுத்தாள். வெளிப்பார்வைக்கு வேறு, உள்ளத்தால் ஒன்று. இருவருமே மனத்தை ஒரே இடத்தில் வைத்தவர்கள். காமனைத் தொழுதாலும் அவனுக்கு அடிமையாகாதவள் கோதை. அவனைத் தொழாவிட்டாலும் அன்பிலே குறையாதவள் கண்ணகி. முதற் பத்திலே காமனிடம் நின்று வேண்டியவள், ஆறாம் பத்திலே மாதவன் கைத்தலம் பற்றியதாகக் கனாக் கண்டு தோழிக்கு உரைக்கிறாள். அப்பாசுரங்களே இன்றளவும் வைஷ்ணவத் திருமணங்களில் ஓதப்படுகின்றன.

நம் இல்லங்களுக்கு

சேவூர் நிலக்கடலையும் பருத்தியும் விளைந்த மண். இன்று பனியன் தொழிலோடும் பிணைந்த ஊர். கம்பெனி வண்டி வந்து நின்றதும் நம் பிள்ளைகள் பெண்ணும் ஆணுமாக ஏறிச் செல்கிறார்கள். ஒரே கூரையின்கீழ்த் தைக்கிறார்கள், மடிக்கிறார்கள், செக்கிங் பார்க்கிறார்கள். பனியன் துணி எப்படி உருவாகிறது என்பதை அவர்களே நன்கு அறிவர். நூல் தன்னைத் தானே கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு துணியாகிறது. ஒரு கண்ணி நழுவினால் நெடுக ஓட்டை விழும். நூலைக் குறை கூறி எரித்துவிட்டால் துணியே இல்லை. ஒழுங்கின்றி இழுத்துவிட்டால் சிக்கலே மிஞ்சும். ஆசை என்னும் நூலின் நிலையும் அதுவே.

ஆதலின் பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை ஒருவரை விரும்பினான், பெண் ஒருவரை விரும்பினாள் என்று கேட்டவுடனே நெற்றிக்கண்ணைத் திறந்துவிடுகிறோம். பெற்ற கையே பெற்ற பிள்ளையை மாய்த்தது என்னும் கொடுஞ்செய்திகளையும் நம் நாட்டிலே கேட்கிறோமே! தவத்துக்கு இடையூறு செய்தவனை எரித்த பரமசிவனும், பின்பு பார்வதியை மணந்த வேளையில் அவனுக்கு அருள் புரிந்தான். எரிப்பதற்கு அவனுக்குத் தவம் இருந்தது. உயிர்ப்பிக்க வலிமையும் இருந்தது. நமக்கு இரண்டும் இல்லை. எரித்துவிட்டால் நம்மால் மீட்க இயலாது.

காமனுக்குத் தாயாக வந்தவள் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தமையன் ருக்மி சிசுபாலனுக்கு என்று நிச்சயித்தபோது, தன் மனத்தைக் கண்ணனுக்கு ஒரு ப்ராஹ்மணர் மூலம் சொல்லியனுப்பியவள் ருக்மிணிப் பிராட்டி. அந்தச் செய்தியிலும், என் உறவினரைக் கொல்லாமல் என்னை அழைத்துச் செல்ல வழி இது என்று அம்பிகை கோயிலுக்குத் தான் வரும் வேளையைக் குறிப்பிடுகிறாள். பின்பு ருக்மியின் உயிருக்காகவும் அவளே கண்ணன் திருவடியில் விழுந்தாள். பெண்ணின் திருவுள்ளத்தைக் கேளாமல் மணம் பேசுவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கும், தன் விருப்பத்தில் உறுதியாக நிற்பவள் பிறந்த வீட்டைப் பகைக்க வேண்டியதில்லை என்பதற்கும் அவளே சான்று. ஜாதகக் கட்டைப் பிரிப்பதற்கு முன் பெண்ணின் மனத்தைக் கேளுங்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். இந்திரன் சபையிலே புகழ்ச்சிக்கு மயங்கிய மன்மதனாக வேண்டாம். தோழர் தூண்டுதலுக்கும் கைபேசியின் மாயைக்கும் இரையாக வேண்டாம். தகுமா என்று கேட்ட ப்ரத்யும்நனாக இருங்கள். விரும்பியவளை வீட்டுப் பெரியோர் முன் வெளிப்படையாக அழைத்து வந்தவன் அவன். ஒருத்தியிடம் அன்பு கொண்டால் அவளுக்கு ஒரு வாசலும் ஓர் அடுப்பும் ஒரு பெயரும் கொடுக்க உழையுங்கள். மணம் தாமதமாகிறவர்களும் மனம் சோர வேண்டாம். ரதி காத்திருந்த காலத்துக்குக் கணக்கில்லை. எனினும் அவள் கைவேலையை விடவில்லை.

ஆசையை வாசலுக்கு வெளியே நிறுத்தினால் அது அநங்கனாய் அலையும். எஜமானனாக ஆஸனத்தில் ஏற்றினால் நம்மையே ஆட்டிப்படைக்கும். பெருமாள் திருமுன்பிலே பிள்ளையாக வைத்து வளர்த்தால் குலம் தழைக்கும். திருக்கல்யாண உத்ஸவத்தில் எம்பெருமான் தானே மாலை மாற்றிக்கொண்டு நமக்குக் காட்டுவதும் இந்த நெறியையே.

இவ்வாண்டு உத்ஸவத்தைச் சேவித்த அனைவருடைய இல்லங்களிலும் தடைப்பட்ட மங்கள காரியங்கள் இனிதே நிறைவேறவும், பிரிந்த பிள்ளைகளைப் பெற்றோர் துவாரகை மாளிகையில் தழுவியதுபோல் தழுவிக்கொள்ளவும், மழையும் விளைவும் தொழிலும் செழிக்கவும், ஸ்ரீதேவி பூதேவி ஸமேதனான எம்பெருமான் திருவடிகளையும் கோதை நாச்சியார் திருவடிகளையும் ப்ரார்த்திக்கிறேன்.

சுபமஸ்து.

அடியேன்,
ராமாநுஜ தாஸன்,
ஸந்நிதி அர்ச்சகர், சேவூர்.